ஒளி மின்சாரத்தின் வரலாறு – 11: பழச்சாறு தோய்ந்த கண்ணாடி

தாவரச் சாயத்தால் இயங்கும் சூரியக் கலத்தின் முன்வரலாறு புகைப்படக் கலையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் நீலம், ஊதா ஒளிக்கு மட்டுமே இணங்கின. மஞ்சள் சாமந்தியும் சிவப்பு ரோஜாவும் படத்தில் ஏறக்குறைய ஒரே கறுப்பாக விழுந்தன. பெர்லினில் புகைப்பட வேதியியல் கற்பித்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல் இங்கிலாந்திலிருந்து வந்த தகடுகளைச் சோதித்தபோது, அவை பச்சை ஒளிக்கும் இணங்குவதைக் கண்டார். தகட்டின் பின்புறத்திலிருந்து ஒளி எதிரொளிப்பதைத் தடுக்க உற்பத்தியாளர் ஒரு சாயத்தைக் கலந்திருந்தார். ஒளியை விழுங்குவது அந்தச் சாயம், விழுங்கியதன் பயனைப் பெறுவது வெள்ளி உப்பு என்று ஃபோகல் முடிவுக்கு வந்தார். சக ஆய்வாளர்கள் பலர் முதலில் நம்ப மறுத்தார்கள்.

அடுத்த ஆண்டே பாரிஸிலிருந்து ஆதரவு வந்தது. இலைகளிலிருந்து எடுத்த பச்சையமும் அதே வேலையைச் செய்கிறது என்று எட்மண்ட் பெக்கரல் காட்டினார். 1839இல், பத்தொன்பது வயதில், ஒளி பட்டால் மின்முனையில் மின்னோட்டம் எழுவதைக் கண்டறிந்தவர் இவர்தான். தன் இளமைக் கண்டுபிடிப்பையும் இந்தப் பச்சையச் சோதனையையும் அவர் ஒன்றாக இணைத்துப் பார்க்கவில்லை. அதைச் செய்தவர் வியன்னாவின் ஜேம்ஸ் மோசர். 1887இல் அவர் வெள்ளி உப்பு பூசிய மின்முனைகளில் எரித்ரோசின் என்ற சாயத்தை ஏற்றி, ஒளியால் எழும் மின்னோட்டம் பெருகுவதைப் பதிவு செய்தார். சாயம் தோய்ந்த சூரியக் கலத்தின் முதல் ஆவணம் என்று சொல்லத்தக்கது அந்தச் சிறு குறிப்பு. அதைப் பின்தொடர்ந்து மின்சாரம் எடுக்க எவரும் முனையவில்லை. நிலக்கரி மலிவாக இருந்தது. சாயங்கள் வண்ணப்படத் தொழிலுக்குப் போயின.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து இந்த இழையை மறுபடி கையில் எடுத்தவர்கள் மின்வேதியியலாளர்கள். அவர்களை வாட்டிய கேள்வி ஒன்று இருந்தது: ஒளியை விழுங்கிய சாய மூலக்கூறு தன்னை ஒட்டியிருக்கும் படிகத்துக்கு ஆற்றலைக் கைமாற்றுகிறதா, எலக்ட்ரானையே கொடுத்துவிடுகிறதா? 1960களின் பிற்பகுதியில் மியூனிக்கில் ஹைன்ஸ் கெரிஷரும் அவருடைய மாணவர் ஹெல்முட் ட்ரிபுட்ஷும் துத்தநாக ஆக்சைடுப் படிகத்தை மின்முனையாக வைத்து இதை ஆராய்ந்தார்கள். துத்தநாக ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. தானாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்காது. அதன்மேல் சாயம் ஏறியதும், சாயம் விழுங்கும் அதே நிறங்களில் மின்னோட்டம் எழுந்தது. எலக்ட்ரான்தான் கைமாறுகிறது என்பது தெளிவாயிற்று. ட்ரிபுட்ஷ் பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குச் சென்று மெல்வின் கால்வினுடன் சேர்ந்தார். ஒளிச்சேர்க்கையில் கரியமிலவாயு சர்க்கரையாகும் பாதையை வகுத்ததற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர் கால்வின். இருவரும் 1971இல் பச்சையத்தைத் துத்தநாக ஆக்சைடில் ஏற்றி மின்னோட்டம் பெற்றார்கள். இலைக்குள் ஒளிச்சேர்க்கையின் முதற்படியில் நடப்பதும் இத்தகைய எலக்ட்ரான் கைமாற்றமே என்பதால், இந்தச் சோதனை தாவரவியலுக்கும் மின்வேதியியலுக்கும் இடையே பாலம் போட்டது.

ஆனால் கிடைத்த மின்னோட்டம் மிகச் சொற்பம். வழவழப்பான படிகத்தின்மேல் ஒற்றை அடுக்காக ஒட்டும் சாயம், விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கைக்கூட விழுங்காது. அடுக்கைத் தடிப்பாக்கினாலும் பயனில்லை. படிகத்தைத் தொடாத மூலக்கூறுகளால் எலக்ட்ரானைக் கொடுக்க முடியாது, அவை வழியையும் அடைத்துவிடும். 1973இன் எண்ணெய் நெருக்கடி மாற்று ஆற்றலுக்கான ஆய்வுகளுக்குப் பணத்தையும் அவசரத்தையும் தந்தது. 1976இல் ஒசாகாவில் ட்சுபோமுராவும் குழுவினரும் படிகத்தைக் கைவிட்டு, துளைகள் நிறைந்த துத்தநாக ஆக்சைடைச் சாயத்தில் தோய்த்தார்கள். சாயத்துக்கு ஏற்ற ஒற்றை நிற ஒளியில் 1.5 விழுக்காட்டுத் திறன் கிடைத்தது. சரியான திசை அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

அந்தத் திசையில் இறுதிவரை நடந்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய மிகைல் கிரெட்சல். அவர் தேர்ந்தெடுத்த பொருள் டைட்டானியம் டைஆக்சைடு. சுவர்ப் பூச்சுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் பொடி அது, நச்சில்லாதது, மலிவானது. குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் அள்ளப்படும் இல்மனைட் கருமணலில் அடங்கியிருப்பது அதே டைட்டானியம். ஆனால் சூரிய ஒளியில் நூறில் ஐந்து பங்கு அளவேயான புற ஊதாக் கதிர்களை மட்டும்தான் அது விழுங்கும். மிச்சத்தைப் பிடிக்க அதற்குச் சாயம் வேண்டும். 1980களில் கிரெட்சலின் குழு அந்தப் பொடியை மேலும் மேலும் நுண்ணியதாக்கிக்கொண்டே போனது. 1991 அக்டோபரில் பிரையன் ஓரீகனும் கிரெட்சலும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. சில நானோமீட்டர் பருமனுள்ள துகள்களைச் சுட்டு ஒட்டவைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள படலமாக்கியிருந்தார்கள். கற்பாறையில் மழைநீர் மேற்பரப்பில் மட்டும் நிற்கும், மணல்மேட்டிலோ உள்ளுக்குள் ஒவ்வொரு மணியையும் நனைக்கும். அந்தப் படலத்தில் சாயம் இப்படித்தான் ஏறியது. ஒவ்வொரு துகளின் மேலும் ஒற்றை அடுக்குதான், ஆனால் துகள்களின் மொத்தப் பரப்பு கண்ணாடியின் பரப்பைப் போலப் பலநூறு மடங்கு. ஆய்வகச் சூரிய ஒளியில் 7.1 முதல் 7.9 விழுக்காடும் மங்கலான பகலொளியில் 12 விழுக்காடும் திறன் கிடைத்தது. தூய சிலிக்கானும் வெற்றிட உலைகளும் இல்லாமல் இவ்வளவு வரும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கலத்தின் இயக்கத்தை இங்கே விளக்குவது அவசியம். பின்னால் வரும் வெற்றி தோல்விகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. மின்சாரம் கடத்தும் மேற்பூச்சுள்ள இரண்டு கண்ணாடிகள். ஒன்றில் சாயமேற்றிய டைட்டானியம் டைஆக்சைடுப் படலம்; மற்றதில் மெல்லிய பிளாட்டினம் அல்லது கரிப் பூச்சு. இடையில் அயோடைடு உப்பும் அயோடினும் கரைந்த மின்பகுளித் திரவம். ஒளி பட்டதும் சாய மூலக்கூறின் எலக்ட்ரான் ஒன்று உயர்நிலைக்குத் தாவி, உடனே டைட்டானியம் டைஆக்சைடுக்குள் இறங்கிவிடும். அது துகள் துகளாகக் கடந்து கண்ணாடிப் பூச்சை அடைந்து, வெளிச்சுற்றில் வேலை செய்து, எதிர் மின்முனைக்கு வந்து சேரும். எலக்ட்ரானை இழந்த சாயத்துக்கு அயோடைடு ஒன்றைத் தந்து ஈடுகட்டும்; அயோடைடின் இழப்பை எதிர் மின்முனை ஈடுகட்டும். சுற்று முடியும்போது எந்தப் பொருளும் செலவாகியிருக்காது. சிலிக்கான் கலத்தில் ஒளியை விழுங்குவதும் மின்னூட்டத்தைக் கடத்துவதும் ஒரே பொருள். இங்கே இரண்டு வேலைகளும் இரண்டு பொருள்களுக்குப் பிரிந்துகிடக்கின்றன, இலையில் பிரிந்திருப்பதைப் போலவே.

1991இன் கலத்தில் இருந்த சாயம் எந்தத் தாவரத்திலிருந்தும் வந்ததல்ல. அது ருத்தேனியம் என்ற அரிய உலோகத்தைக் கொண்டு ஆய்வகத்தில் தொகுக்கப்பட்ட சேர்மம். ஐதராபாத்தில் படித்து லோசானுக்குப் போன முகமது காஜா நசீருதீன் கிரெட்சலுடன் சேர்ந்து 1993இல் உருவாக்கிய மேம்பட்ட ருத்தேனியச் சாயம் திறனைப் பத்து விழுக்காட்டுக்கு உயர்த்தியது. ருத்தேனியமோ பிளாட்டினச் சுரங்கங்களின் உபபொருள். விலை அதிகம், அதைச் சாயமாக்கித் தூய்மைப்படுத்துவது அதைவிடச் செலவு. ஒளியை விழுங்கும் நிறமிகளைப் பூவும் பழமும் இலையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக விளைவித்து வருகையில், அவற்றையே ஏன் தோய்த்துப் பார்க்கக் கூடாது என்ற கேள்வி பல ஆய்வகங்களில் ஒரே காலத்தில் எழுந்தது.

முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது பச்சையம். ஆனால் கீரையை அரைத்து வடித்த பச்சையம் படலத்தில் சரியாக ஒட்டுவதில்லை. அதன் மூலக்கூறுக்கு எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட வால் உண்டு; இலைக்குள் சவ்வோடு பிணைந்திருக்க அது உதவும், டைட்டானியம் டைஆக்சைடைப் பற்றிக்கொள்ள உதவாது. அந்த வாலை அகற்றி, பற்றிக்கொள்ளும் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகளை வெளிப்படுத்தி, நடுவிலுள்ள மக்னீசியத்துக்குப் பதில் தாமிரத்தை வைத்து, 1993இல் ஆந்திரியாஸ் கேயும் கிரெட்சலும் 2.6 விழுக்காட்டுத் திறன் பெற்றார்கள். இது பச்சையத்தின் வழித்தோன்றல்தான். இலையிலிருந்து நேராக வந்தது என்று சொல்ல முடியாது.

பூவின் நிறமியை நேரடியாகக் கலத்தில் ஏற்றிய தொடக்ககால ஆய்வுகளில் கண்டியின் பங்கு பெரியது. ஹந்தானை மலைச்சாரலில் உள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோனும் அவருடைய இளம் குழுவினரும் 1990களின் நடுவில் சயனிடின் என்ற பூ நிறமியையும், தாவரங்களின் துவர்ப்புப் பொருளான டானின்களையும், செஞ்சந்தனக் கட்டையின் சிவப்பான சாண்டலினையும் அடுத்தடுத்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட கலத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திரவ மின்பகுளி வெப்பநாட்டில் ஆவியாகும், கசியும், அயோடின் உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். அதற்குப் பதிலாகத் தாமிர அயோடைடு என்ற திண்மக் குறைக்கடத்தியைப் படலத்தின் துளைகளில் நிரப்பி, சாயக் கலத்தை முழுத் திண்ம நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இதே திண்ம வழி பின்னாளில் வேறொரு பொருளின் கையில் பெரும் வெற்றி கண்டது. ஐரோப்பிய ஆய்வகங்களின் வசதிகளில் ஒரு சிறு பங்கோடு செய்யப்பட்ட வேலை இது என்பதை நினைத்தால், சாயக் கலத்தின் வரலாற்றில் கண்டிக்கு இன்று கிடைக்கும் இடம் போதாது என்றே சொல்ல வேண்டும்.

சயனிடின் என்பது ஆந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாவல், மாதுளை, கறுப்பு திராட்சை, செம்பருத்தி ஆகியவற்றின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணம் இந்தக் குடும்பம். புளிப்பில் சிவந்தும் காரத்தில் நீலம்பாரித்தும் நிறம் மாறுவது இதன் இயல்பு. மூலக்கூறின் ஓரத்தில் அருகருகே இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருந்தால், அவை டைட்டானியம் அணுவை இடுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. சிவந்த சாற்றில் தோய்ந்த வெள்ளைப் படலம் ஊதாவாக மாறுவது இந்தப் பிடிப்பின் கண்கூடான சான்று. பச்சையத்துக்கு வேதியியலாளர் செய்துதர வேண்டியிருந்த கைப்பிடி ஆந்தோசயனினுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

எலக்ட்ரான் எவ்வளவு விரைவில் கைமாறுகிறது என்பதை 1997இல் நெரின் செரெப்பி, கிரெக் ஸ்மெஸ்டாட், கிரெட்சல், ஜின் சாங் ஆகியோர் அளந்தார்கள். கலிஃபோர்னியாவின் காட்டுக் கருப்புப்பெர்ரிச் சாற்றில் தோய்த்த படலத்தின்மேல் லேசர் துடிப்புகளைச் செலுத்தியபோது, ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கை விடக் குறைந்த நேரத்தில் எலக்ட்ரான் படலத்துக்குள் இறங்கியிருந்தது. ருத்தேனியச் சாயத்துக்கு இது சற்றும் இளைத்ததல்ல. ஆனாலும் முழுக் கலத்தின் திறன் 0.56 விழுக்காடுதான், மின்னழுத்தம் 0.4 முதல் 0.5 வோல்ட். எலக்ட்ரானைக் கொடுப்பதில் குறையில்லை என்றால் குறை எங்கே? கொடுத்த எலக்ட்ரான் வெளிச்சுற்றுக்குப் போகும் முன்பே பல சமயம் சாயத்துக்கோ அயோடினுக்கோ திரும்பிவிடுகிறது. ருத்தேனியச் சாயத்தில், கொடுத்தபின் எஞ்சும் நேர் மின்னூட்டம் படலத்திலிருந்து விலகிய பகுதியில் தங்கும்படி மூலக்கூறு வடிவமைக்கப்பட்டது. பழத்தின் நிறமி பறவையை அழைக்க உருவானது. இப்படியொரு தேவைக்காக அது உருவாகவில்லை. மேலும் ஆந்தோசயனின் பச்சை, மஞ்சள் ஒளியை நன்கு விழுங்கினாலும் செவ்வொளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

1998இல் ஸ்மெஸ்டாட்டும் கிரெட்சலும் வேதியியல் கல்விக்கான அமெரிக்க இதழ் ஒன்றில் இந்தக் கலத்தை வகுப்பறையில் செய்யும் முறையை வெளியிட்டார்கள். டைட்டானியம் டைஆக்சைடுப் பொடியை நீர்த்த அமிலத்தில் குழைத்துக் களிம்பாக்க வேண்டும். கடத்தும் கண்ணாடியின் ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டி, களிம்பைக் கண்ணாடிக் கோலால் இழுத்துப் பரப்ப வேண்டும். நாடாவின் தடிமனே படலத்தின் தடிமனுக்கு அளவு. 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டு ஆறவிட்டு, நசுக்கிய பெர்ரிப் பழச்சாற்றில் தோய்த்தெடுத்துக் கழுவினால் ஒரு முனை தயார். மறு கண்ணாடியில் பென்சில் கரியைத் தேய்க்கலாம், மெழுகுவர்த்திப் புகையைப் பிடிக்கலாம். இரண்டையும் சற்றே விலக்கி வைத்துக் கிளிப்பால் இறுக்கி, விளிம்பில் ஒரு சொட்டு அயோடைடுக் கரைசல் விட்டால் அது தானாக உள்ளே ஊறும். வெயிலில் வைத்தால் மின்னழுத்தமானியில் அளவு ஏறும். இந்தத் தொடரில் இதுவரை வந்த சூரியக் கலங்களில் பள்ளி மாணவர் தம் கையாலேயே அடியிலிருந்து நுனிவரை செய்யக்கூடியது இது ஒன்றுதான். உலகெங்கும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு இது பரவியதில் வியப்பில்லை.

அதன்பின் வந்த பதினைந்து ஆண்டுகளில் தோய்த்துப் பார்க்காத பூவோ பழமோ குறைவு. சீன ஆய்வாளர்கள் 2006இல் கறுப்பரிசி, மிளகாய், கல்யாண முருங்கைப் பூ, கடற்பாசி எனப் பலவற்றை ஒப்பிட்டார்கள். அவற்றுள் கறுப்பரிசி முன்னே நின்றது. இத்தாலியின் மெசினாவில் ஜுசெப்பே கலோஜெரோவின் குழு 2008இல் சிசிலியின் சிவப்பு ஆரஞ்சுச் சாற்றில் 0.66 விழுக்காடும், பின்னர் சிவப்புக் கிழங்கில் 1.7 விழுக்காடும் பெற்றது. 2011இல் இருபது தாவரச் சாயங்களைச் சோதித்த சீனக் குழுவுக்கு மங்குஸ்தான் தோல் 1.17 விழுக்காடு தந்தது. பீட்ரூட்டின் சிவப்பான பீட்டானினுக்குக் கார்பாக்சிலிக் அமிலக் கைப்பிடி இயற்கையாகவே உண்டு. அதைத் தூய்மைப்படுத்தி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2.7 விழுக்காடு வரை கொண்டுபோனார்கள். பழுப்புக் கடற்பாசியின் பச்சைய வகையைப் பிரித்தெடுத்து ஜப்பானில் 4.6 விழுக்காட்டை எட்டினார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இந்த ஆய்வு வேரூன்றியது.

இந்த நீண்ட பட்டியலில் தாய்லாந்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வு தனிக் கவனத்துக்கு உரியது. செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த ரோசெல்லா 0.37 விழுக்காடு தந்தது, சங்குப்பூ 0.05 தந்தது. இரண்டும் வெவ்வேறு நிறங்களை விழுங்குவதால் கலந்தால் கூடுதலாக வரும் என்பது எதிர்பார்ப்பு. வந்தது 0.15. படலத்தில் ஒட்டிக்கொள்ள இடம் குறிப்பிட்ட அளவுதான். அந்த இடத்தைப் பலவீனமான சாயம் பிடித்துக்கொண்டால் வலுவானது வெளியே நிற்கும். அதே ஆய்வில் ரோசெல்லாவைக் காய்ச்சும் சூட்டை மிதமாக்கி, சாற்றின் புளிப்பைக் கூட்டியபோது திறன் 0.70 ஆனது. எந்தப் பூ என்பதைப் போலவே எப்படிப் பிழிந்தார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே தாவரத்துக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு எண்களைத் தருவதன் காரணமும் இதுவே.

இந்த எண்களின் பொருளை மறைக்காமல் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட். ஒரு விழுக்காட்டுத் திறன் என்றால் 10 வாட். கடையில் விற்கும் சிலிக்கான் பலகை அதே பரப்பில் 200 வாட்டுக்கு மேல் தருகிறது. ஆயுளிலும் பெரிய இடைவெளி உண்டு. இருபது ஆண்டு வெயிலில் நிற்க, ஒரு சாய மூலக்கூறு சுமார் பத்துக் கோடி முறை எலக்ட்ரானைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். 1991இன் ருத்தேனியச் சாயம் 50 லட்சம் சுற்றுகளைச் சிதையாமல் தாங்கியதே பெரிய செய்தியாக இருந்தது. ஆந்தோசயனின் அவ்வளவு உறுதியானதல்ல. அதைத் தாங்கும் டைட்டானியம் டைஆக்சைடே புற ஊதாக் கதிர் பட்டால் கரிமப் பொருள்களைச் சிதைக்கும் வினையூக்கியாக மாறிவிடுகிறது. தாவரச் சாயம் என்றாலே கலம் முழுவதும் பசுமையானது என்ற வாதமும் நிற்காது. ஒரு சதுர மீட்டர் படலத்துக்குத் தேவைப்படும் சாயம் ஒரு கிராமுக்கும் குறைவு. செலவும் சுற்றுச்சூழல் சுமையும் பெரும்பாலும் கடத்தும் கண்ணாடியிலும், சுடும் உலையிலும், கசியாமல் அடைக்கும் வேலையிலும் இருக்கின்றன. மங்குஸ்தான் தோல் போன்ற கழிவிலிருந்து சாயம் எடுப்பது நல்லதே. கலத்தின் மொத்தக் கணக்கில் அதன் பங்கு சிறியது.

தொழில் உலகம் தாவரச் சாயத்தை ஏற்கவில்லை. சாயக் கலத்தை ஓரளவு ஏற்றது. வேல்ஸின் கார்டிஃபில் இயங்கிய ஜி24 நிறுவனம் 2009இல் ஹாங்காங் பை உற்பத்தியாளர் ஒருவருக்கு வளையும் சாயக் கலங்களை அனுப்பியது. லோசானில் கிரெட்சலின் பல்கலைக்கழக வளாகத்து மாநாட்டு அரங்கின் முகப்பில் வண்ணச் சாயக் கலங்கள் பதிக்கப்பட்டன. வீட்டுக்குள் விழும் மங்கல் ஒளியில் இவை நன்றாக வேலை செய்வதால், ஸ்டாக்ஹோமின் எக்செகர் நிறுவனம் காதொலிக் கருவிகளுக்கு இவற்றைத் தயாரிக்கிறது. எல்லாவற்றிலும் இருப்பவை செயற்கைச் சாயங்கள். கிரெட்சலுக்கு 2010இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பட்டது.

2009இல் யோகோஹாமாவில் சுடோமு மியாசாகாவின் குழு சாயம் இருந்த இடத்தில் பெரோவ்ஸ்கைட் அமைப்புள்ள ஈய அயோடைடுச் சேர்மத்தை வைத்தது. திறன் 3.8 விழுக்காடு, ஆனால் திரவ மின்பகுளி அதை விரைவில் கரைத்துவிட்டது. 2012இல் திரவத்தை அகற்றித் திண்மக் கடத்தியைச் சேர்த்ததும் திறன் பத்து விழுக்காட்டை நெருங்கியது; பிறகு 25ஐத் தாண்டியது. சாயக் கலத்துக்கான ஆய்வுப் பணமும் ஆட்களும் பெருமளவு அந்தப் பக்கம் சாய்ந்தன. செயற்கைச் சாயக் கலமும் நின்றுவிடவில்லை. லோசானில் அண்மையில் 15 விழுக்காட்டைக் கடந்தது.

தாவரச் சாயத்தின் மிக உயர்ந்த எண்கள் இன்றும் செயற்கைச் சாயம் எட்டியதில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கின்றன. வீட்டுக் கூரையிலோ மின் நிலையத்திலோ அதற்கு இடமில்லை. பணமில்லாத ஆய்வகங்களைச் சூரியக் கல ஆராய்ச்சிக்குள் அழைத்துவந்ததும், இலை ஒளியைக் கொண்டு செய்யும் முதல் வேலையை மாணவர் கையில் அளக்கக்கூடியதாக ஆக்கியதும் அதன் சாதனைகள். அந்த இரண்டு வேலைகளிலும் அதற்கு ஈடான கலம் இன்னும் வரவில்லை.